நாங்கள் மருந்தென்று எண்ணாத வேர்

தேஜோன் மருத்துவமனை, நான்காம் மாடி
அக்டோபர் 23, 1998

அன்பு மகள் யோன்ஜுவுக்கு அம்மா எழுதுவது.

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடு கண்ணு. மணி ஒன்றரை. பகலில் எழுதலாம் என்று நான்கு நாளாகப் பேனாவைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன், பகலில் யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள், வருகிறவர்களுக்குப் பதில் சொல்லியே வாய் ஓய்ந்துபோகிறது. உனக்கு அங்கே பட்டப்பகலாக இருக்கும், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு மறுபடி துணி வெட்டும் மேசைக்குப் போயிருப்பாய். உடம்பு நன்றாக இருக்கிறதா, அந்த வறட்டு இருமல் விட்டதா, சாவோ பாவ்லோவில் இப்போது வெயில் ஏறும் காலம் என்றாயே, தொப்பி வாங்கினாயா. இங்கே எல்லாரும் சுகம் என்று சூசோக் அறுவடைப் பண்டிகை அன்றும், அதற்குப் பிறகு இரண்டு தடவையும் போனில் சொன்னேன். மூன்று தடவையும் பொய் சொன்னேன். உன் குரலைக் கேட்டவுடனே என் வாய் தானாகச் சுகம் என்று சொல்லிவிடுகிறது, அதற்குள் நீ கடை ஆட்கள் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இதை எழுதி உன் கடை பேக்ஸுக்கு அனுப்புகிறேன். கடையில் நின்றபடி படிக்காதே, எங்காவது ஓரமாகப் போய் உட்கார்ந்து படி.

அப்பா மருத்துவமனையில் இருக்கிறார். செப்டம்பர் பதினான்காம் தேதி மேட்டு வயலில் ஆறு வருஷத்து ஜின்செங்கைத் தோண்டும் வேலை, நீ பதினைந்து வயதில் நட வந்து வரிசையைக் கோணலாக நட்டாய் என்று அப்பாவிடம் திட்டு வாங்கினாயே, அதே வயல். கறுப்பு நிழல்வலைக்குக் கீழே எல்லாரையும்போல முட்டிபோட்டுத் தோண்டிக்கொண்டிருந்தவர் அப்படியே குனிந்தபடி இருந்திருக்கிறார். கூலிக்கு வந்த பெண்களில் ஒருத்தி, என்ன யோன்ஜு அப்பா, அந்த ஒரு வேரையே கட்டிப்பிடிச்சுத் தூங்கிட்டீங்களா, அது என்ன உங்க சம்சாரமா, என்று கேலி செய்திருக்கிறாள், எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவர் திரும்பிப் பார்த்தபோது வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்ததாம். வேரை உடைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாராம், அதை விரலைப் பிரித்து எடுத்தோம் என்று அவள் இன்றைக்கும் வந்து அழுகிறாள், நான் சிரிச்சேனே யோன்ஜு அம்மா, சிரிச்சேனே, என்று. இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய்விட்டது. வலக்கை, வலக்கால் இரண்டும் அசைவில்லை. பேச்சு இல்லை. விழுங்க முடியவில்லை, மூக்கு வழியாகக் குழாய். இதுதான் செய்தி, எழுதிவிட்டேன்.

ஆனால் இதைச் சொல்ல மட்டும் நான் எழுதவில்லை. இதற்குப் பின்னால் ஒன்று இருக்கிறது, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதுவும் சீக்கிரம். போன வருஷம் வசந்தத்தில் அப்பாவின் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்களே, நீ பிரேசிலுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் இரவில் அவர் மார்பில் காதை வைத்து டிக் டிக் என்று கேட்டாயே. நெஞ்சுக்குள்ள கடிகாரம் வெச்சுட்டாங்க, நேரம் மட்டும் சொல்லமாட்டேங்குது, என்று சந்தையில் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். அந்த வால்வில் இரத்தம் கட்டாமல் இருக்கத்தான் தினமும் இராத்திரி சாப்பாட்டுக்குப் பின், நாளுக்கு ஒரு காகித உறையாகக் கட்டிக் கொடுத்த மாத்திரை. இரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு, அது இரண்டரைக்கு மேல் இருக்க வேண்டும். முதல் சில மாதம் மருத்துவமனைச் சாப்பாடும் பத்தியமுமாக இருந்ததால் சரியாக இருந்தது. அவர் எழுந்து நடக்க ஆரம்பித்து, நான் அவரைத் தேற்றுகிறேன் என்று கிளம்பிய பிறகுதான் எண் இறங்க ஆரம்பித்தது. ஒன்று புள்ளி எட்டு, ஒன்று புள்ளி ஆறு. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். மறுபடி இறங்கியது, மறுபடி கூட்டினார். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்பது இரண்டு கேள்வி. மாத்திரையை விட்டுட்டீங்களா? இல்லை என்பார் அப்பா. நாட்டு மருந்து, கஷாயம் ஏதாவது சாப்பிடறீங்களா? இல்லை என்போம் இருவரும். உண்மையைத்தான் சொன்னோம். தோள்வலிக்கு மல்சுன் அத்தை ஒரு தடவை கஷாயப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தாள், அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார், டாக்டர் கேப்பார் அக்கா, எனக்குப் பொய் சொல்ல வராது, என்று. மாத்திரைக்கு ஆகாது என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த பசலைக்கீரையை விட்டார், முள்ளங்கிக் கீரையை விட்டார், அவருக்கு உயிரான நொதித்த சோயாக் குழம்பை விட்டார். பிறந்தநாளுக்குக் கடற்பாசி சூப்பைக்கூட நான் வைக்கவில்லை. இந்த வீட்டுல பொறந்தநாளும் இல்ல, பாசியும் இல்ல, ஆஸ்பத்திரிச் சீட்டுதான் சாமி, என்று அத்தை குத்திக் காட்டினாள். ஆக, இவ்வளவு ஒழுங்காக இருந்தும் எண் ஏறவில்லை என்றால் நான் என்ன நினைப்பேன். மாத்திரையைத்தான் ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன்.

ஆமாம், நான்தான் நினைத்தேன். முதலில் நான்தான், நீ இல்லை. தினமும் இராத்திரி அவர் எதிரில் உட்கார்ந்து மாத்திரை போடுவதைப் பார்ப்பேன், போட்டதும் வாயைத் திறக்கச் சொல்வேன், நாக்கைத் தூக்கச் சொல்வேன். ஐம்பத்திரண்டு வயது மனிதர், ஊரில் எல்லாரும் வணங்கிப் பேசும் மனிதர், என் எதிரில் குழந்தைபோல ஆ என்று வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவார். அப்படியும் எண் இறங்கியபோது, கொல்லைப்பக்கம் போய்த் துப்புகிறார் என்று சந்தேகப்பட்டேன். ஜனவரிக் கடைசியில் நம் சந்திரப் புத்தாண்டுக்கு நீ போன் செய்தபோது அதை உன்னிடம் சொல்லி அழுதேன், நீயும் பயத்தில் போனை அவரிடம் கொடுக்கச் சொல்லிக் கத்தினாய். ஒரு மாத்திரை விழுங்கறதுகூட உங்களுக்கு ஒழுங்கா வராதாப்பா, அம்மா அழறது கேக்கலையா, நீங்க ஒழுங்காகிற வரைக்கும் என்கூடப் பேச வேணாம், என்றாய். எனக்குப் பக்கத்தில் நின்றே கேட்டது. அவர் ம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்தார். நீ கோபத்தில் சொன்னது, அடுத்த தடவையே மறந்திருப்பாய். அவர் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நீ எப்போது கூப்பிட்டாலும், பேசுங்க என்று நான் நீட்டினாலும், வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். வயலில் இருக்கிறார், குளிக்கிறார், தூங்கிவிட்டார் என்று நான் உன்னிடம் சொன்னதெல்லாம் அதுதான்.

இப்போது கேள். அவர் ஒரு நாளும் மாத்திரையைத் தவறவிடவில்லை.

அப்பாவைச் சேர்த்த மூன்றாம் நாள் மருந்தறையிலிருந்து பெக் என்று ஒரு பெண் வந்தாள், பூசான்காரி, உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். என்னைப் பார்த்ததும் நீங்க மகளா என்று கேட்டாள். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், நான் சம்சாரம் என்றேன். அவள் அந்த இரண்டு கேள்வியையும் கேட்கவில்லை. விழுந்ததுக்கு முதல் நாள் காலையில எழுந்ததுலேருந்து அவர் வாய்க்குள்ள போனதையெல்லாம் சொல்லுங்கம்மா, தண்ணிகூட விடாதீங்க, என்றாள். நானும் சொன்னேன். காலையில் மயிர்வேர் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் இரண்டு டம்ளர். சோறு, முள்ளங்கிக் கிம்ச்சி, தேனில் ஊறிய வேர்த் துண்டு நாலு. வயலுக்குக் கொடுத்துவிட்ட டப்பாவில் இன்னும் நாலு. மத்தியானம் சந்தைக்குப் போனவர் தன் அக்கா கடையில் வேர் பஜ்ஜி இரண்டு. சாயங்காலம் வேர் போட்ட மீன் கஞ்சி. எந்த வேர் என்று கேட்டாள். ஊரெல்லாம் ஜின்செங் விளையும் கும்சான்காரியிடம் எந்த வேர் என்று கேட்கிறாளே என்று அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஜின்செங்தான் என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டாள். ஜின்செங் சாப்பிடறார்னு டாக்டர்கிட்ட ஏம்மா சொல்லல, என்றாள். நாட்டு மருந்து சாப்பிடறீங்களான்னுதானே கேட்டார், இல்லைன்னு சொன்னோம், என்றேன். அப்போ இது என்ன, என்றாள். இது சாப்பாடும்மா, என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஒருவேளை அதற்கு முன்பே எங்கோ புரிந்துதான் இருந்ததோ என்னவோ, இந்த நாற்பது நாளாக அதைத்தான் தோண்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மற்றவர்களுக்குத் தெரியாது என்றால் மன்னிக்கலாம். நான் உன்னை முதுகில் கட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போய் உணவு வேதியியல் படித்தவள். பதினோரு வருஷமாகச் சந்தைக்குப் பின்னாலிருக்கும் சோதனைக்கூடத்தில் ஜின்செங்கைப் பொடித்து, சாற்றை இயந்திரத்தில் ஏற்றி, அதிலிருக்கும் சப்போனின்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அளப்பதுதான் என் வேலை. ஒரு வகை நரம்பைத் தணிக்கிறது, ஒரு வகை சோர்வைத் தட்டி எழுப்புகிறது, ஒரு வகை சர்க்கரையை இறக்குகிறது, வேகவைத்துச் சிவப்பாக்கினால் பச்சையில் இல்லாத புது வகைகள் பிறக்கின்றன, குடலிலிருக்கும் கிருமிகள் அவற்றை உடைத்துத்தான் இரத்தத்துக்குள் அனுப்புகின்றன, இதெல்லாம் எனக்கு மனப்பாடம். போன வருஷ ஜின்செங் திருவிழாவுக்கு அடித்த துண்டுப் பிரசுரத்தில் இரத்தத்தைச் சீராக ஓடச் செய்யும் என்று ஒரு வரி இருக்கும், அதை எழுதியவள் நான். யாருக்கு ஆகாது என்று அடியில் ஒரு வரி சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. உடலுக்குள் போய் இவ்வளவு வேலை செய்கிற ஒன்று, இன்னொரு மருந்து வேலை செய்யும் இடத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்குமா? கூடத்தில் அதைத் தராசில் மில்லிகிராம் கணக்கில் நிறுப்பேன், வீட்டுக்கு வந்தால் கைப்பிடியாக அள்ளிப் பானையில் போடுவேன். அங்கே அது சேர்மம், இங்கே அது குழம்பு. நடுவில் இருக்கும் சாலையைக் கடக்கும்போது ஒரு நாளாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா.

இன்னும் கேள். எண் இறங்கி அவர் வாடினால், பாவம் கீரையும் இல்லை பாசியும் இல்லை, தெம்புக்கு என்ன வழி என்று தேன் துண்டை இரண்டிலிருந்து நாலாக்கினேன். தடித்த வேரை விற்றுவிட்டு மயிர்வேரை வீட்டுக்கு வைத்துக்கொள்வோமே, அதைக் காய்ச்சிக் கொடுத்தேன். மயிர்வேரில்தான் சப்போனின் மிக அதிகம் என்று என் கையாலேயே எத்தனை அறிக்கை எழுதியிருக்கிறேன். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார், நான் வேரைக் கூட்டினேன், மறுபடி அவர் கூட்டினார், மறுபடி நான் கூட்டினேன். நடுவில் உன் அப்பா நாக்கைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். நல்ல மனிதர், என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொல்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது. வால்வு வைத்த சிலருக்கு எல்லாம் சரியாக இருந்தும் கட்டி வருவதுண்டாம். ஜின்செங் இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கிறதா இல்லையா என்று ஆராய்ந்தவர்களே ஒருவர் ஆம் என்கிறார், ஒருவர் இல்லை என்கிறாராம். வெளிநாட்டில் ஒருவருக்கு இப்படியே எண் இறங்கி, வேரை நிறுத்தியதும் ஏறியது என்று ஒரு கட்டுரையைப் பெக் படித்திருக்கிறாள். நான் கட்டுரையைப் பார்க்கவில்லை, உன் அப்பாவைத்தான் பார்த்தேன். இங்கே மறுபடி மாத்திரையைத் தொடங்கினார்கள், பழைய பெரிய அளவில். வேர் கிடையாது. இரண்டாம் வாரமே எண் நாலைத் தாண்டி ஓடிவிட்டது, பயந்துபோய்க் குறைத்தார்கள், குறைத்துக் குறைத்து முதன்முதலில் எழுதிக் கொடுத்த அளவுக்கே வந்துவிட்டார்கள். இப்போது இரண்டு புள்ளி ஏழில் நிற்கிறது. அதே மனிதர், அதே மாத்திரை. குழாயில் போகும் சாப்பாடும் காய்ச்சலும்கூட எண்ணை மாற்றும் என்று டாக்டர் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். எனக்கு எது என்று தெரியும்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விஷயம் அவளுக்குத் தெரியும் முன் ஒரு நாள் பிளாஸ்க் நிறைய வேர் போட்ட கோழிச்சாறு கொண்டுவந்து, நான் துணி அலசப் போன நேரத்தில் குழாயிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் அவர் உதட்டில் கரண்டியை வைத்துவிட்டாள். ஓடிவந்து தட்டிவிட்டேன், சாறு போர்வையெல்லாம் கொட்டியது. வார்டே திரும்பிப் பார்க்க அவள் கத்தினாள். எங்க ஊர்ல தாய்ப்பாலை மறந்த பிள்ளை அடுத்து இதைத்தான்டி குடிக்குது, என் தம்பியை இந்த வேர் வளர்த்துச்சு, நீ வளர்க்கல, கண்ணாடிக் குழாய்ல எட்டிப் பார்த்துட்டு எனக்கே பாடம் எடுக்கிறியா, படிச்ச திமிரு. நானும் விடவில்லை, என்னென்னவோ சொன்னேன், உனக்கு எழுதக் கூடாததெல்லாம் சொன்னேன். பெக் வந்து அவளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்தவள் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தினமும் ரெண்டு பஜ்ஜி குடுத்தேன் யோன்ஜு அம்மா, காசு வேணாம் தின்னுடான்னு குடுத்தேன், சில நாள் மூணு, என்றாள். அன்றைக்குக் கடையை மூடியவள் இன்னும் திறக்கவில்லை. இப்போது நாங்கள் இருவரும் சண்டை போடுவதில்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்தாலே நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

ஊராரும் வருகிறார்கள். மேட்டு வயலை எல்லாரும் சேர்ந்து தோண்டி முடித்துவிட்டார்கள், கூலி வேண்டாம் என்றார்கள், கையெடுத்துக் கும்பிட்டேன். அதில் வந்த மிக நல்ல வேரை, கையும் காலுமாக ஓர் ஆள் உருவத்தில் இருக்கிறது, ஈரமான காட்டுப் பாசியில் சுற்றிப் பெட்டியில் வைத்து இங்கே கொண்டுவந்து கொடுத்தார்கள், இவருக்கே குடுங்க, எழுந்து உக்காந்துடுவார், என்று. என்னவென்று சொல்லி மறுப்பேன். வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். இரவில் நான் படுக்கும் சின்னக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஈர மண் வாசனை வருகிறது. அந்த வாசனையில்தான் உன்னைப் பெற்றேன், வளர்த்தேன், இப்போது போர்வையை மூக்கின்மேல் இழுத்துக்கொண்டு படுக்கிறேன்.

இனி நான் எதற்காக எழுதினேன் என்பதைச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் மாற்றுத் துணி எடுக்க ஊருக்குப் போனேன். விதை வைக்கும் கொட்டகையில் மணல் பெட்டிக்கு மேலே வைக்கோல் கயிற்றில் ஏதோ சரமாகத் தொங்கியது, பூண்டுச் சரம் என்று நினைத்துத்தான் இழுத்தேன். மாத்திரை உறைகள். இராத்திரி போடும் மாத்திரையின் காலி உறை, ஒவ்வொன்றையும் விரித்து, துளை போட்டுக் கோத்து, பின்பக்கம் அவர் கையெழுத்தில் தேதி. முதல் உறை நீ புத்தாண்டு அன்று கத்தினாயே, அதற்கு மறுநாள் தேதி, ஜனவரி இருபத்தொன்பது. கடைசி உறை செப்டம்பர் பதின்மூன்று. மணல் மேல் உட்கார்ந்து எண்ணினேன். இருநூற்று இருபத்தெட்டு. விரல் விட்டுக் கணக்குப் பார்த்தேன், ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை, நம் ஊரில் மழை வெள்ளம் வந்த நாளும் இருக்கிறது, அவர் சித்தப்பா செத்த நாளும் இருக்கிறது. யாரிடமும் வாதாடத் தெரியாத மனிதர், நீ ஊருக்கு வரும்போது காட்டலாம் என்று வைத்திருக்கிறார். என்னிடம் காட்டவில்லை பார். என்னிடம் காட்டிப் பயனில்லை என்று நினைத்திருப்பார்.

அந்தச் சரத்தைக் கொண்டுவந்து அவர் இடக்கையில் வைத்து, யோன்ஜு அப்பா, நான் பார்த்துட்டேன், நீங்க ஒண்ணும் தவறவிடல, தப்பு என்னோடது, என்று காதில் சொன்னேன். பத்துத் தடவை சொன்னேன். கண் திறந்துதான் இருந்தது. உன் பெயரைச் சொன்னால் மட்டும் இடது கண்ணில் நீர் வருகிறது, அதனால் கேட்கிறது என்று எனக்குத் தெரிகிறது. இன்னொன்று சொல்கிறேன், சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். நர்ஸோ நானோ கையில் எதையாவது எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனால், துணியாகட்டும் சீப்பாகட்டும், அவர் அந்தக் கோணிய வாயை மெல்லத் திறக்கிறார். நாக்கைத் தூக்க முயல்கிறார். பேச்சு போய்விட்டது, கை கால் போய்விட்டது, அது மட்டும் போகவில்லை யோன்ஜு. நான் பழக்கிவிட்டது. வேண்டாம், மூடுங்க, நான் நம்புறேன், என்று எத்தனை தடவை சொன்னாலும் மறுபடி திறக்கிறார். என் நம்பிக்கை அவருக்குப் போதவில்லை. அவர் காட்ட நினைத்தது உன்னிடம்.

திங்கட்கிழமையிலிருந்து நெஞ்சில் சளியும் காய்ச்சலும். இன்று மாலை டாக்டர் என்னை நடைவழிக்குக் கூப்பிட்டார், மகளுக்குத் தகவல் சொல்லிட்டீங்களா என்று கேட்டார், அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. நீ ஓடிவா என்று எழுதக் கை வருகிறது, ஆனால் நீ டிக்கெட் தேடி இரண்டு விமானம் மாறி வருவதற்குள் என்ன ஆகுமோ, எனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை. முடிந்தால் கிளம்பு, கிளம்பும் முன் எழுது. வார்டுக்குள் போன் விடமாட்டார்கள். பெக் தன் மருந்தறை பேக்ஸ் எண்ணைக் கொடுத்திருக்கிறாள், இந்தத் தாளின் தலைப்பில் இருக்கிறது, எந்த நேரத்தில் வந்தாலும் நானே மேல எடுத்துட்டு வர்றேம்மா என்றாள். உன் கையெழுத்தை அவர் கண்ணெதிரே பிடித்து, காதில் படித்துக் காட்டுவேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம். நீங்க ஒரு நாளும் தவறவிடலப்பா, எனக்குத் தெரிஞ்சுபோச்சு, என்று எழுது, அது போதும். என்னைத் திட்ட வேண்டியதை வேறு தாளில் எழுது, அதையும் நான் படிப்பேன்.

உன்மேல் பழி எதுவும் இல்லை கண்ணு, இதை நன்றாகக் கேட்டுக்கொள். நீ என் வார்த்தையை நம்பிப் பேசினாய், மகள் தாய் சொல்லை நம்பாமல் யாரை நம்புவாள். இரவெல்லாம் மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே, உழப்பிக்கொள்ள இங்கே நான் ஒருத்தி போதும். நேரத்துக்குச் சாப்பிடு. நீ கிளம்பும்போது கொடுத்துவிட்ட சிவப்பு ஜின்செங் சாற்றுப் புட்டியில் மிச்சம் இருந்தால் உனக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் பக்கத்து மேசை அக்காவுக்கும் தினம் ஒரு கரண்டி கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தாய், அவள் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள் இல்லையா, நாளைக்கே நிறுத்து, அவள் டாக்டரிடம் ஜின்செங் என்று பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டு வரட்டும். சாப்பாடு என்று சொல்ல வேண்டாம், பெயரைச் சொல்லச் சொல். நம் முன்னோர் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். இந்தச் சூசோக்குக்கு அவர்களுக்கு நான் தனியாகத்தான் படையல் வைத்தேன், உன்னை மட்டும்தான் வேண்டிக்கொண்டேன், வேறு எதையும் கேட்க எனக்கு முகமில்லை. இப்போது அவர் மார்பில் காதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இந்த வரியை எழுதுகிறேன், அந்த டிக் டிக் கேட்கிறது.

உன் அம்மா
கியோங்நான்

பின்குறிப்பு: அடுத்த தாளில் கறுப்பாக ஒரு சதுரம் விழுந்திருக்கும், பேக்ஸ் கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதே. சரத்திலிருந்து கடைசி உறையை எடுத்துத் தாளின் மேல் வைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். உற்றுப் பார்த்தால் செப்டம்பர் பதின்மூன்று என்று அப்பாவின் எழுத்து தெரியும். சீக்கிரம் பதில் எழுது.